மாதவிடாய் நிற்கும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டிய பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வரிசைப்படுத்தி, பதில்களை எழுதியிருக்கிறோம். மருந்துகளின் அளவு சொல்லியிருப்பது, மருத்துவர் எழுதிக் கொடுப்பதைப் புரிந்துகொள்ள. தானாக வாங்கிப் போட அல்ல.

1. மூணு மாசமா பீரியட்ஸ் வரல. மெனோபாஸ் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இன்னும் இல்லை. தொடர்ந்து 12 மாதம் ஒரு முறைகூட வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. பத்தாவது மாதத்தில் ஒரு முறை வந்தால்கூட எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 45-லிருந்து 55 வயதுக்குள் இது நடக்கிறது.

அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் படுத்துகிற காலம். சுழற்சி சுருங்கும், நீளும், தவறிப்போகும். ஹார்மோன் அளவு ஒரு வாரம் உச்சத்தில் இருக்கும், அடுத்த வாரம் சரியும். மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முன்பே சூடும் வியர்வையும் தொடங்குவது இதனால்தான். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் அது வேறு கதை. அதற்கான காரணத்தைத் தேடி, சிகிச்சையும் கட்டாயம் எடுக்க வேண்டும். 40-45 வயதில் நின்றாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

2. ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதா?

45 வயதுக்கு மேல் தேவையில்லை. எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் காலத்தில் அது வாரத்துக்கு வாரம் மாறும். இன்று ‘நார்மல்’ என்று வந்த முடிவு அடுத்த மாதம் செல்லாது. வயதும் அறிகுறிகளும் சொல்வதே போதும். 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள்.

உருப்படியாகப் பார்க்க வேண்டியவை வேறு: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அப்படியே இதைப் போலவே வரும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

3. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுல இருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரைக்கும் ஏறுது. உள்ள என்னதான் நடக்குது?

மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது சாதாரணமாகக் கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அங்கிருக்கும் சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறி முறுக்கேறி, அந்தச் சகிப்பு எல்லை மிகவும் குறுகிவிடுகிறது. ஒரு வாய் சூடான காபி, ஒரு சின்னப் பதற்றம் போதும், ‘உடம்பு கொதிக்கிறது’ என்று மூளை முடிவு கட்டிவிடும்.

தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. முகமும் கழுத்தும் சிவந்து தகிக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மேலுதட்டிலும் கழுத்துப் பின்புறத்திலும் வியர்வை அரும்பி, முதுகு நனைகிறது. ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். வியர்வை காயும்போது உடம்பு நடுங்குகிற அளவுக்குக் குளிரும். கற்பனையோ பலவீனமோ இல்லை, மூளையின் வெப்பமானி தவறாகப் படிக்கிறது.

காய்ச்சலோடு சேர்ந்த இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை இறங்குவது, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ள படபடப்பு ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாமதிக்காமல் காட்ட வேண்டும். நெஞ்சுவலி என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

4. எத்தனை வருஷம் இப்படியே இருக்கும்?

‘ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போயிடும்’ என்று ஆறுதல் சொல்வது உண்டு. உண்மையில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீள்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளும். அத்தனை வருடம் பல்லைக் கடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

5. மருந்து இல்லாம என்ன பண்ணலாம்?

முதலில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ‘செவ்வாய், பிற்பகல் 3.10, காபி குடித்த பிறகு, மூன்று நிமிடம், உடை மாற்றவில்லை’ என்பது போல ஒரு வரி போதும். காரம், மது, சூடான பானம், புழுக்கமான அறை ஆகியவற்றில் எது உங்களுக்குத் தூண்டுகிறது என்று இதிலிருந்துதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டு வதைபட வேண்டாம். ஒருவருக்குத் தூண்டுவது இன்னொருவரைத் தொடுவதே இல்லை.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய பருத்தி உடை, கைக்கெட்டும் தூரத்தில் விசிறி, குளிர்ந்த நீர் இவை அந்த ஐந்து நிமிடத்தை எளிதாக்கும், எண்ணிக்கையைக் குறைக்காது. எண்ணிக்கையும் தொல்லையும் குறைய, கூடுதல் எடை இருப்பவர்கள் எடையைக் குறைப்பது உதவுகிறது. சிந்தனை-நடத்தை சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் உண்டு. ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்ற பதற்றத்தை எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சி அது. புகைப்பவர்களுக்குச் சூடும் அதிகம், மாதவிடாயும் சீக்கிரம் நிற்கும். யோகாவும் நடையும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் எலும்புக்கும் நல்லவைதான். ஆனால் சூட்டை மட்டும் குறைக்கும் என்று நம்பித் தொடங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

6. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா விடியற வரைக்கும் கொட்டக்கொட்ட முழிச்சிருக்கேன்.

வியர்த்து விழிக்கிறீர்களா, விழித்த பிறகு வியர்க்கிறதா என்று கவனியுங்கள். வியர்வைதான் எழுப்புகிறது என்றால், சூட்டுக்கு மருத்துவம் பார்த்தாலே தூக்கம் திரும்பும். மெல்லிய போர்வையாக இரண்டு, தலைமாட்டில் மாற்று உடை, குளிர்ந்த அறை என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வியர்வை இல்லாமலே தூக்கம் போய்விட்டது என்றால் அதற்கான முறை தனி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். 20 நிமிடமளவு புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் செருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, தேநீர் வேண்டாம். பலத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது, பலருக்கும் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

7. நிக்கப்போற நேரத்துல இப்படித்தான் கொட்டித் தீர்க்கும்னு சொல்றாங்க. உண்மையா?

சுழற்சி தாறுமாறாவது இயல்பு. கொட்டித் தீர்ப்பதைச் சும்மா விடக் கூடாது. மணிக்கு ஒரு பேட் நனைவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, உறவுக்குப் பின் அல்லது இடையில் படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்கிறது. தடித்தது உதிரும்போது அவ்வளவு போகிறது. நார்க்கட்டி, பாலிப் (சிறு சதை வளர்ச்சி), தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. 45 வயதுக்கு மேல் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம்.

மாதவிடாய் நாள்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கைக் குறைக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம் இன்னும் அதிகமாகக் குறைக்கும். கர்ப்பப்பையை எடுப்பது முதல் வழியாக இருக்க வேண்டியதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் எப்போதும் அசதியும் ‘வயசு’ என்று எண்ணிவிடாமல், ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள்.

8. ஹார்மோன் மாத்திரை போட்டா கேன்சர் வரும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்களே?

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. அதைப் பற்றிய இந்தப் பயத்தின் பிறப்பு 2002. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதியை அந்த ஆண்டு பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது என்பது செய்தி. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

எவ்வளவு கூடியது? 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால், 30 பேருக்கு வந்திருக்க வேண்டியது 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூடுதல். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. சூட்டுக்காகச் சிகிச்சை தேடும் ஐம்பது வயதுக்காரர்கள் அல்ல. கொடுத்த மருந்தும் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் என்ற செயற்கைப் புரோஜெஸ்டிரானும் சேர்ந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இன்றைய நிலை இது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குச் சூடும் வியர்வையும் தாங்க முடியாமல் இருந்தால், பொதுவாக நன்மைதான் மேலோங்கும். சூட்டுக்கு இதைவிட வலுவான மருந்து இல்லை, எலும்பையும் காக்கும். ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல மாட்டோம். இரண்டு ஹார்மோனையும் பல வருடம் சேர்த்து எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடும். அதைத் தெரிந்துகொண்டு, தன் வேதனை எவ்வளவு என்பதையும் எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது.

9. யாரெல்லாம் எடுக்கவே கூடாது?

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் இருப்பவர்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குவார்கள். சர்க்கரை நோயும் ஒற்றைத் தலைவலியும் தடையல்ல. ஆனால் 10-வது பதிலில் சொல்லும் தோல்வழி மருந்து அவர்களுக்குப் பொருத்தம்.

10. மாத்திரை, பேட்ச், ஜெல்னு சொல்றாங்க. எது நல்லது?

விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடுகின்றன. தோல்வழியாகப் போவது நேரே ரத்தத்தில் கலப்பதால், வழக்கமான அளவில் உறையும் ஆபத்தைக் கூட்டுவதில்லை. எடை அதிகம், கொழுப்பு அதிகம், ஒற்றைத் தலைவலி உண்டு என்றால் பேட்ச் அல்லது ஜெல்லைக் கேளுங்கள்.

பேட்ச் ஒட்டும் இடம் அடிவயிறு அல்லது பின்புறம்; மார்பில் ஒட்டவே கூடாது. எண்ணெயோ பவுடரோ இல்லாத, நன்கு உலர்ந்த தோலில் வைத்து, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். இடுப்புப் பட்டை உரசும் இடமென்றால் இரண்டு நாளில் ஓரம் சுருண்டுவிடும். மாற்றும்போது இடத்தையும் மாற்றுங்கள். அதே இடத்துக்குத் திரும்ப ஒரு வாரமாவது இருக்கட்டும். பெரும்பாலான பேட்சுகள் வாரம் இரண்டு முறை மாற்றுபவை. ஜெல் தடவினால் ஐந்து நிமிடம் உலரவிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

கர்ப்பப்பை இருக்கிற எல்லோரும் புரோஜெஸ்டிரானும் சேர்த்தே எடுக்க வேண்டும். தனியாக ஈஸ்ட்ரோஜன் போனால் 7-வது பதிலில் சொன்னபடி உட்சவ்வு தடித்து, காலப்போக்கில் புற்றுநோயாகலாம். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரான் தினமும் 100 மி.கி., அல்லது மாதவிடாய் இன்னும் வருகிறவர்களுக்கு மாதத்தில் 12-14 நாள் 200 மி.கி. என்பது வழக்கம். தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில் போடச் சொல்வார்கள். ‘பேட்ச் போதும், மாத்திரை எதுக்கு’ என்று பாதியை மட்டும் நிறுத்துவதுதான் நடக்கிற தவறுகளிலேயே ஆபத்தானது.

11. எனக்கு ஹார்மோன் ஒத்துவராது. வேற எதுவுமே இல்லையா?

இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றுக்குச் சூட்டைக் குறைக்கும் குணம் உண்டு. வென்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை போவார்கள். பலன் ஓரிரு வாரத்தில் தெரியும். இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. பராக்ஸெடின் 7.5 மி.கி. இன்னொன்று. மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு மட்டும் பராக்ஸெடின் வேண்டாம். கல்லீரலில் டமாக்ஸிஃபென் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுத்துவிடும். இரவு வியர்வைதான் பெரிய தொல்லை என்றால், படுக்கும்போது கபபென்டின் 300 மி.கி.; காலையில் தலைசுற்றலைக் கவனிக்க வேண்டும்.

புதியவற்றில் ஒன்று ஃபெசோலினெடன்ட், 45 மி.கி. 3-வது பதிலில் சொன்ன முறுக்கேறிய நரம்பணுக்களையே நேராகத் தொடும் மருந்து இது. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. அரிதாகக் கல்லீரலைப் பாதிப்பதால், தொடங்கும் முன்பும் முதல் மூன்று மாதம் மாதாமாதமும், பிறகு 6, 9-ஆம் மாதங்களிலும் கல்லீரல் பரிசோதனை தேவை. சிறுநீர் கருமையானாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

12. சொல்லவே கூச்சமா இருக்கு. அந்த இடத்துல எரிச்சல், உறவுன்னாலே வலி. யூரின் இன்ஃபெக்ஷனும் அடிக்கடி வருது.

கூச்சத்தால் மறைக்கப்படும் அறிகுறிகளில் முதலிடம் இதற்குத்தான். மற்றவை வருடக்கணக்கில் தணியும். இது கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பிறப்புறுப்பின் சவ்வு மெலிந்து, ஈரமும் நெகிழ்வும் போய்விடுகின்றன. காக்கும் நல்ல பாக்டீரியா குறைகிறது. சிறுநீர்ப் பாதையும் அதே திசுவால் ஆனதால் தொற்று தொடர்கிறது.

சோப்பு, வாசனைத் திரவம் எல்லாவற்றையும் அங்கே நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும். ஈரப்பதம் தரும் ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன்படுத்துங்கள். உறவின்போது வழவழப்புக்கான ஜெல் தனி. ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் கலந்தது கூடாது, ரப்பர் கிழியும்.

இவை போதாதபோது, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் மூல காரணத்தைச் சரிசெய்வது. 10 மைக்ரோகிராம் மாத்திரையை முதல் 14 இரவு தினமும், பிறகு வாரம் இரண்டு முறை வைப்பார்கள். கூட்டிப் பார்த்தால் முதல் வருடம் முழுக்க 1.14 மி.கி.; விழுங்கும் 1 மி.கி. மாத்திரை ஒன்றைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படித்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. இந்த அளவுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை, கூடவே புரோஜெஸ்டிரானும் வேண்டாம். முழுப் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். நிறுத்தினால் திரும்ப வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

13. இனிமே கர்ப்பம் ஆகாதுதானே?

50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடம், 50-க்குள் என்றால் இரண்டு வருடம் கருத்தடையைத் தொடருங்கள். 8-லிருந்து 10 வரை சொன்ன ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது.

14. எதுக்கெடுத்தாலும் கோபம், அழுகை. பேசும்போது வார்த்தையே வரமாட்டேங்குது. டிமென்ஷியாவா?

வார்த்தை நுனிநாக்கில் நின்று வராமல் போவதும், அறைக்குள் வந்து எதற்கு வந்தோம் என்று மறப்பதும் இந்தக் காலத்தில் மிகச் சாதாரணம். தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் கூடும். பெரும்பாலானவர்களுக்குப் பின்னர் சரியாகிவிடும். பழகிய வழியே தெரியாமல் போவது, தினசரி வேலையைச் செய்யும் முறையே மறப்பது ஆகியவை வேறு. அவற்றைக் காட்ட வேண்டும்.

மனநிலையை லேசாக எடுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின்னோ முன்னர் எப்போதோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்த வயதில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

15. சாப்பாடு அதேதான், வயிறு மட்டும் போடுது. மூட்டெல்லாம் வலிக்குது. எலும்பும் தேயுமாமே?

எடை கூடுவதற்குப் பெரும் காரணம் வயதோடு தசை குறைவது. ஈஸ்ட்ரோஜன் குறைவு செய்வது, கொழுப்பை இடுப்பிலிருந்து வயிற்றுக்கு மாற்றுவது. நடை மட்டும் போதாது. வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம். மூட்டுவலிக்கும் இதுவே நல்லது. காலையில் கைவிரல் வீங்கி, மணிக்கணக்கில் மடக்க முடியாமல் இருந்தால் முடக்குவாதத்துக்குப் பரிசோதிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு வருடத்தில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போகலாம், அதுவும் சத்தமில்லாமல். உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம், 600-800 யூனிட் வைட்டமின் டி தேவை. மாத்திரையாக எடுத்தால் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், உடம்பு உறிஞ்சாது. 65 வயதில் எல்லோரும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ, சீக்கிரமே மாதவிடாய் நின்றிருந்தாலோ இன்னும் முன்பே.

16. கர்ப்பப்பையை எடுத்தாச்சு. எனக்கு எப்படித் தெரியும்?

சினைப்பையையும் எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், தேடிப் பாருங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அறுவை சிகிச்சை நாளிலேயே மாதவிடாய் நின்ற நிலை தொடங்கிவிடும். சூடும் கடுமையாக வரும். 45-க்குள் அப்படி எடுத்திருந்தால், தடை எதுவும் இல்லாதபோது, இயல்பாக நிற்கும் வயதான 51 வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுக்க வேண்டும். அறிகுறி இல்லையென்றாலும் எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. 8-வது பதிலில் உள்ள கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.

17. சோயா, மூலிகை மாத்திரை எல்லாம் பக்கவிளைவு இல்லாதது இல்லையா?

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை அரிதாகக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற இன்னொரு மூலிகை பல மருந்துகளின் வேலையைக் குலைக்கும். எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

18. நின்னு ஒன்றரை வருஷம் ஆச்சு. நேத்து லேசா ஒரு சொட்டு பட்டுது. விட்டுடலாமா?

விடவே கூடாது. 12 மாதம் கழிந்த பிறகு ஒரு சொட்டானாலும், பழுப்பாக இருந்தாலும், ஒரே ஒரு முறையானாலும் பரிசோதனை வேண்டும். பெரும்பாலும் மெலிந்த சவ்வு அல்லது பாலிப்தான். ஆனால் இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்திலேயே இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் புற்றுநோய் இது. அப்போதே போனால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் உட்சவ்வு 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் ஆபத்து மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால், அல்லது திரும்பத் திரும்பப் பட்டால், துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படுவது உண்டு, அப்போதும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் பரிசோதனைதான்.

19. ஹார்மோனை எப்போ நிறுத்தணும்?

இத்தனை வருடம் என்று பொதுவான கெடு கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, அறிகுறி எல்லாம் பார்த்து, தொடரலாமா என்று முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் பாதிப் பேருக்குச் சூடு திரும்பும். சிறிது சிறிதாகக் குறைத்தால் உடனடிச் சிரமம் கொஞ்சம் குறையலாம், முடிவில் இதுவும் ஒரேயடியாக நிறுத்துவதும் ஒன்றுதான்.

20. டாக்டர்கிட்ட போனா ‘வயசாச்சும்மா, இப்படித்தான்’னு அனுப்பிடறாங்க. எப்படிக் கேக்கறது?

‘உடம்பு முடியல’ என்று தொடங்காமல் எண்ணிக்கையோடு தொடங்குங்கள். ‘ஒரு நாளைக்கு எட்டு முறை சூடு ஏறுகிறது. இரவில் மூன்று முறை உடை மாற்றுகிறேன். கடைசி மாதவிடாய் இந்தத் தேதி. உறவின்போது வலி இருக்கிறது.’ 5-வது பதிலில் சொன்ன குறிப்பை அப்படியே நீட்டுங்கள். எடுக்கும் எல்லா மருந்தும், வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறைதலோ இருந்ததா என்பதும் ஒரு தாளில் இருக்கட்டும்.

பிறகு நேராகக் கேளுங்கள்: ‘எனக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுக்கலாமா? கூடாது என்றால் எந்தக் காரணத்தால்? அதற்குப் பதில் என்ன?’ பதில் ‘இப்படித்தான்’ என்பதாகவே இருந்தால், அந்தத் தாளோடு வேறு மருத்துவரைப் பாருங்கள்.